பித்தநாளப் புற்றுநோய்: கண் மஞ்சளான நாளிலிருந்து என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

ஈரலில் சுரக்கிற பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகிற குழாய்தான் பித்தநாளம். அதில் வருகிற இந்தப் புற்று அடிக்கடி வருவதில்லை. மார்பகப் புற்று, வாய்ப்புற்று என்றால் தெருவில் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பித்தநாளத்துக்குக் கேட்க ஆள் கிடையாது. என் தாய்மாமாவுக்கு வந்தபோது அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவன் நான். அதன்பிறகு அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கம் யாருக்காவது இது வந்தால் சொந்தக்காரர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நானும் கூடப் போகிறேன். பணம் இருக்கிறவர்கள், இல்லாதவர்கள், படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லாருமே தடுமாறுவது வரிசையில்தான். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்து, முன்னால் செய்ய வேண்டியதைத் தவறவிட்டு, அறுவை செய்திருக்கக்கூடிய நோயை அந்த நிலை தாண்டவிட்டுவிடுகிறார்கள். அதனால் இதை வரிசையாகவே எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதை நான் சொல்கிறேன்.

1. எந்தக் காமாலை என்று முதலில் பிரியுங்கள்

நம்ம பக்கம் கண் மஞ்சளானால் முதல் வேலை கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது. அடுத்து, மஞ்சக்காமாலைக்கு மருந்து கொடுக்கிற ஊருக்கு வண்டி பிடிப்பது. உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கூடாது, மூன்று வாரம் கழித்து வா என்பார்கள். வைரஸால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அதனால் மருந்தில் குணமானது போலவே தெரியும். பித்தநாளம் அடைத்து வருகிற காமாலை அப்படி வடியாது, நாளுக்கு நாள் ஏறும். அந்த மூன்று வாரம் ஆறு வாரமாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடைப்புக் காமாலையை வீட்டிலேயே சந்தேகிக்கலாம். மலம் வெளுத்துச் சாம்பல் நிறத்திலோ களிமண் நிறத்திலோ போகும், ஏனென்றால் மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான். குடலுக்கு வர வேண்டிய பித்தம் இரத்தத்தில் ஏறிச் சிறுநீர் வழியாகப் போவதால் சிறுநீர் கட்டங்காப்பி போல இருக்கும். உடம்பெல்லாம் அரிக்கும், ராத்திரியில் அதிகமாக. வலி பெரும்பாலும் இருக்காது. வலி இல்லாததால்தான் அலட்சியம் வருகிறது.

வயதானவர்கள் மலத்தின் நிறத்தைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நமக்கும் கேட்கக் கூச்சம். கேட்டே ஆக வேண்டும். அந்த ஒரு கேள்வி சில வாரங்களை மிச்சப்படுத்தும்.

வெளுத்த மலமும் அரிப்பும் சேர்ந்து இருந்தால் அந்த வாரமே இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டும். கல்லாகவும் இருக்கலாம், கணையக் கட்டியாகவும் இருக்கலாம். எதுவானாலும் பத்தியத்தில் தீராது.

ஈரலுக்குள்ளேயே இருக்கிற சின்ன நாளங்களில் வருகிற வகைக்குக் காமாலை வராமலும் இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, காரணமில்லாமல் எடை குறைவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, இவ்வளவுதான் தெரியும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது கட்டி இருப்பது தெரியவரும்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஃபைல் ஒன்று, ஃபைலுக்குப் பொறுப்பான ஆள் ஒன்று. இந்த இரண்டாவதுதான் முக்கியம். ஒரு தடவை மூத்த மகன், அடுத்த தடவை மருமகன், அதற்கடுத்த தடவை தம்பி என்று ஆள் மாறினால் போன தடவை டாக்டர் சொன்னது யாருக்கும் முழுசாகத் தெரியாது. யாராவது ஒருவர் எல்லாத் தடவையும் போக வேண்டும், கேட்டதை நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதல் வாரத்திலேயே பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மகன் வீட்டில் இருக்கிற அம்மாவின் பெயர் இன்னும் பழைய கார்டிலேயே கிடக்கும், அல்லது எதிலுமே இருக்காது. ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வருமானச் சான்றுக்கு நாளாகும் என்பதால் அதை முதலில் போடுங்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களுக்குப் பதிவு கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீசில் நடக்கிறது. எதுவும் புரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

அறுவைக்கும் கீமோவுக்கும் ஆஸ்பத்திரி முன்கூட்டியே அனுமதி வாங்கினால்தான் காப்பீடு கொடுக்கும். பணத்தைக் கட்டி முடித்துவிட்டு அட்டையைக் காட்டினால் திரும்பக் கிடைக்காது. அட்மிஷன் போடும்போதே அட்டையைக் கொடுங்கள்.

ஃபைலில் இன்னும் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியல். இதயத்துக்கு இரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொல்லாமல் விட்டால், பித்தத்தை வடிக்கக் குழாய் போடுகிற நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, பழைய பித்தப்பை அறுவை, ஈரல் நோய், ஹெபடைடிஸ் பி, சி பற்றிய காகிதம். ஹெபடைடிஸும் ஈரல் சுருக்கமும் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதால் டாக்டர் கட்டாயம் கேட்பார்.

3. இரத்தமும் வயிற்று ஸ்கேனும்: காகிதத்தில் எதைப் பார்ப்பது

வயிற்று ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், எதுவும் தெளிவாகத் தெரியாது. பாபநாசத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி குடித்துவிடுகிறார்கள், அன்றைய நாள் போச்சு. பசி தாங்க மாட்டார் என்றால் காலை முதல் டோக்கன் வாங்குங்கள்.

கண்ணை மஞ்சளாக்குகிற நிறப்பொருள்தான் பிலிரூபின். ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் பிலிரூபின் மொத்தம், அதில் நேரடி பிலிரூபின் என்று இரண்டு இருக்கும். மொத்தம் சுமார் 1 வரை சரி. அடைப்பில் நேரடி பிலிரூபின்தான் பெரும்பங்கு இருக்கும். அடுத்து ஆல்கலைன் பாஸ்படேஸ், ஜி.ஜி.டி. அடைப்பில் இவை இரண்டும் நன்றாக ஏறி நிற்கும். வைரஸ் காமாலையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதிகள் இரண்டும் பல நூறு, ஆயிரம் என்று போகும். இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே டாக்டர் எந்தப் பக்கம் யோசிக்கிறார் என்று உங்களுக்குப் புரியும்.

ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். குடலுக்குப் பித்தம் போகாவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, அது இல்லாமல் இரத்தம் உறையாது. ஐ.என்.ஆர். கூடியிருந்தால் வைட்டமின் கே ஊசி போட்டுச் சரிசெய்த பிறகுதான் குழாய், ஊசி, அறுவை எதுவானாலும். இந்தச் சமயத்தில் பல் பிடுங்கக்கூடப் போகாதீர்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஐ.எச்.பி.ஆர்.டி. என்று இருந்தால் ஈரலுக்குள் இருக்கிற நாளங்கள் விரிந்திருக்கின்றன என்று அர்த்தம். வாய்க்காலில் மடை அடைத்தால் அதற்கு மேலேதானே தண்ணி தேங்கும். அதே கணக்குதான் இங்கேயும். பித்தப்பை உப்பியிருந்தால் அடைப்பு பித்தப்பைக்குக் கீழே, சுருங்கியிருந்தால் பெரும்பாலும் அதற்கு மேலே, ஈரலின் இரண்டு பக்க நாளங்களும் வந்து சேர்கிற ஈரல் வாசலில். இந்த ஒரு வரியிலிருந்தே நீங்கள் எந்த மாதிரி டாக்டரைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

4. குழாய் போடும் முன் பெரிய ஸ்கேன்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காமாலை ஏறிக்கொண்டே போகும், வீட்டில் பதற்றம். எங்கேயோ ஒரு இடத்தில் "அடைப்பு இருக்கு, இன்னைக்கே எண்டோஸ்கோப்பி பண்ணி ஸ்டென்ட் வச்சிரலாம், மஞ்சள் இறங்கிரும்" என்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். மஞ்சளும் இறங்கும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய், வைத்த பிறகு எடுக்கிற ஸ்கேனில் நாளம் சுருங்கியிருக்கும், சுவர் வீங்கியிருக்கும், குழாயின் நிழலும் விழும். கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறுவை டாக்டரால் சரியாக அளக்க முடியாது. ஸ்டென்ட் வைக்கும்போது சிலருக்குக் கணையம் வீங்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் அறுவை வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கிற சி.டி. ஸ்கேன். கட்டி பக்கத்து இரத்தக்குழாய்களைப் பிடித்திருக்கிறதா, ஈரலிலோ நெஞ்சிலோ பரவியிருக்கிறதா என்பது அதில் தெரியும். கூடவே எம்.ஆர்.சி.பி. என்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பித்தநாளங்களின் வரைபடம் அதில் கிடைக்கும். ஈரல் வாசலில் அடைப்பு என்றால் எம்.ஆர்.சி.பி. இல்லாமல் நகரவே கூடாது. இந்த இரண்டையும் அறுவை டாக்டர் பார்த்த பிறகே ஸ்டென்ட் வைப்பதா வேண்டாமா, எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவாக வேண்டும்.

இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மயக்கம், இரத்த அழுத்தம் இறங்குவது இருந்தால் அடைபட்ட பித்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. அப்போது உயிர்தான் முக்கியம், உடனே வடிக்க வேண்டும். வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியையும் எழுதித் தருகிறேன், அப்படியே கேளுங்கள்: "டாக்டர், ஸ்டென்ட் வைக்குறதுக்கு முன்னாடி சி.டி.யும் எம்.ஆர்.சி.பி.யும் எடுத்து ஆபரேஷன் டாக்டர்கிட்ட ஒரு தடவை காமிச்சிரலாமா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. கோபித்தாலும் கேளுங்கள்.

சி.டி. மருந்துக்கு முன் கிரியாட்டினின் என்ற சிறுநீரகப் பரிசோதனை பார்ப்பார்கள். காமாலையில் சிறுநீரகம் சீக்கிரம் சோர்ந்துபோகும், அதனால் தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். ஸ்கேன் படம் உள்ள சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் காகிதத்தைவிடப் படத்தைத்தான் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

5. அடைப்பு எங்கே: மூன்று இடம், மூன்று வழி

ஈரலின் வலது பக்கத்திலிருந்தும் இடது பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு நாளம் வருகிறது. இரண்டும் ஈரல் வாசலில் சேர்ந்து ஒன்றாகின்றன. வழியில் பித்தப்பை நாளம் வந்து சேர, கணையத்தின் தலை வழியாகப் போய்ச் சிறுகுடலில் முடிகிறது.

ஈரலுக்குள்ளே வந்தால் அந்தப் பகுதி ஈரலை வெட்டி எடுக்கும் அறுவை. சேரும் இடத்தில் வந்தால் நாளத்தோடு ஈரலின் ஒரு பக்கத்தையும் எடுத்து, மீதி நாளத்தைக் குடலோடு இணைப்பார்கள். இந்த நோயில் அதிகம் பேருக்கு வருவது இந்த இடத்தில்தான், கடினமான அறுவையும் இதுதான். கீழே கணையத்துப் பக்கம் வந்தால் விப்பிள் அறுவை. கணையத்தின் தலை, சிறுகுடலின் முதல் பகுதி, நாளம், பித்தப்பை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து மூன்று இடத்தில் இணைப்பார்கள்.

"பித்தநாளப் புற்று" என்று மட்டும் தெரிந்துகொண்டு வருகிற குடும்பத்துக்கு ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றில் எந்த இடம் என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இன்னொருவருக்கு என்ன வைத்தியம் செய்தார்கள் என்று கேட்டு ஒப்பிடுவதும் இடம் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும்.

6. சதை எடுத்துப் பார்ப்பது

"பயாப்சி பண்ணாமலே ஆபரேஷன்ங்காங்களே, சரியா?" என்று கேட்காதவர்கள் இல்லை. சரிதான். அறுவை செய்ய முடிகிற நிலையில், ஸ்கேன் தெளிவாக இருந்தால், சதை முடிவுக்காகக் காத்திருக்காமல் அறுவைக்குப் போவது உண்டு. நாளத்துக்குள் பிரஷ் விட்டுச் சுரண்டி எடுக்கிற செல்கள் மிகக் கொஞ்சம், பலமுறை "புற்று இல்லை" என்றே வரும். அப்படி வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு நோயே இல்லை என்று ஊருக்குத் திரும்பிவிடுவதுதான் இந்த இடத்தில் நடக்கிற பெரிய தவறு. ஸ்கேன் புற்று என்று சொல்லி, பிரஷ் இல்லை என்று சொன்னால், சந்தேகம் தீரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீமோ கொடுப்பதென்றால் சதை முடிவு கட்டாயம். அந்தச் சதையை மெழுகில் பதித்த பிளாக், லேபில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் மரபணு மாற்றப் பரிசோதனைக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஊசி குத்த வேண்டிவரும்.

சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்து அழவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். வெறும் அடைப்பும் கிருமியும்கூட அதை ஏற்றிவிடும். காமாலை இறங்கிய பிறகு பார்க்கிற எண்ணுக்குத்தான் மதிப்பு. சிலருக்கு உடம்பிலேயே அது சுரக்காது, புற்று இருந்தாலும் எண் ஏறாது. ஐ.ஜி.ஜி.4 என்ற இன்னொரு பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். அது கூடியிருக்கிற ஒரு வகை அழற்சி அச்சு அசலாகப் புற்றுப்போலவே தெரியும், ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கும்.

7. பித்தத்தை வடிப்பது, குழாயோடு வீட்டில் இருப்பது

எல்லாருக்கும் வடிக்க வேண்டியதில்லை. அடைப்பு கீழே, காய்ச்சல் இல்லை, பிலிரூபின் மிகவும் ஏறவில்லை, அறுவைத் தேதியும் பக்கத்தில் என்றால் நேரே அறுவைக்குப் போவதே நல்லது. வடித்தால் கிருமி சேர வாய்ப்பு கூடுகிறது. ஈரல் வாசல் அடைப்பில் பெரிய அளவு ஈரலை எடுக்கப் போவதாக இருந்தால், மிச்சம் வைக்கப்போகிற பக்கத்தை முதலில் வடித்துத் தெளியவைப்பார்கள்.

வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு வைப்பது இ.ஆர்.சி.பி. ஸ்டென்ட். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் 3 மாதத்தில் அடைத்துக்கொள்ளும், அதற்குள் மாற்ற வேண்டும். உலோக ஸ்டென்ட் கூடுதல் காலம் நிற்கும். எது வைத்தார்கள், எந்தத் தேதியில் வைத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். தேதியைச் சுவர்க் காலண்டரில் 3 மாதம் தள்ளிக் குறித்து வையுங்கள். மஞ்சள் இறங்கியதும் ஸ்டென்ட் இருப்பதையே மறந்துவிட்டு, ஆறாவது மாதம் நடுக்கத்தோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாய் வழியாக முடியாவிட்டால் விலா இடுக்கில் தோல் வழியாக ஈரலுக்குள் குழாய் விட்டு வெளியே பை கட்டுவார்கள். பி.டி.பி.டி. என்பார்கள். பையில் சேர்கிற பித்தத்தைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும். நேற்று 400 மில்லி வந்தது இன்றைக்கு 30 என்றால் குழாய் மடங்கியிருக்கிறது, அடைத்திருக்கிறது, அல்லது நழுவியிருக்கிறது. அதிகமாக வெளியே போனால் உப்பும் நீரும் போய் ஆள் துவண்டுவிடுவார். பத்தியம் என்று உப்பையும் நிறுத்தியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், படுக்கும்போது குழாய் உடம்புக்கு அடியில் சிக்காமல் பாருங்கள். வேட்டியில் முடிந்து வைத்து, எழுந்து நடக்கும்போது இழுத்துக்கொண்டவர்கள் உண்டு. வயிற்றில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, அதற்கப்புறம் பையை மாட்டுங்கள்.

ஸ்டென்ட்டோ குழாயோ உள்ளவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. "ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் கிருமி இரத்தத்தில் பரவிவிடும். ராத்திரியில் வண்டி யாரிடம் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், 108 இருக்கவே இருக்கிறது.

8. அறுவை: யாரிடம், எங்கே

இந்த நோயை முற்றிலும் எடுத்துவிடக்கூடிய வழி அறுவை ஒன்றுதான். "அறுவை முடியாது" என்ற வார்த்தையை ஈரல், கணைய அறுவையை வழக்கமாகச் செய்கிற டாக்டர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு யார் சொன்னாலும் இன்னொரு கருத்துக் கேளுங்கள்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், தொடங்குவது நல்லது. பரிசோதனைகள் நடக்கும், காப்பீட்டு வேலை நடக்கும், மேலே அனுப்ப வேண்டுமென்றால் சீட்டும் கிடைக்கும். அங்கிருந்து மதுரை ராஜாஜி, சென்னையில் ஸ்டான்லி அல்லது ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. என்று போகிறார்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம் என்பதால் தென்காசி, வள்ளியூர்க்காரர்கள் அங்கே போவது வழக்கம். தமிழ்நாட்டு அட்டை அங்கே செல்லுபடியாகுமா என்று போகும் முன் கேளுங்கள். புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி கையெழுத்து வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இந்த அறுவை இங்கே எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? மிச்சம் இருக்கப்போகிற ஈரல் போதுமா? போதாது என்றால், எடுக்கப்போகிற பக்கத்துக்குப் போகும் இரத்தக்குழாயை முதலில் அடைத்து மற்றப் பக்கத்தை வளரவைப்பார்கள். அதற்குச் சில வாரம் ஆகும். அந்தக் காத்திருப்பை ஆஸ்பத்திரி இழுத்தடிப்பதாக நினைத்து வேறு இடம் ஓடிய குடும்பம் உண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, பரவியிருக்கிறது என்று மூடிவிடுவதும் நடக்கும். ஸ்கேனில் தெரியாத சின்னத் துகள்கள் கண்ணுக்குத்தான் தெரியும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சில இடங்களில் முதலில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள், பெரிய கீறலைத் தவிர்க்க அது உதவும்.

அறுவைக்கு முந்தைய வாரங்களில் வீட்டில் செய்ய வேண்டியது நடை, சாப்பாடு, மூச்சு. பீடி, புகையிலை அன்றே நிற்க வேண்டும். மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியைக் கொடுப்பார்கள். நம்ம ஆட்கள் அதைப் பலூன் போல ஊதுகிறார்கள். அதை உள்ளே இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்துப் பந்தை மேலே நிறுத்தி வைக்க வேண்டும். பெரிய கீறலுக்குப் பிறகு வலியில் மூச்சை மேலோட்டமாக விடுவார்கள், நுரையீரலின் அடியில் சளி தேங்கி நிமோனியா வரும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கருவி. ஆகவே அறுவைக்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

9. அறுவைக்குப் பிறகு

தையல் பிரித்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எடுத்த சதையின் ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் பாருங்கள்: வெட்டிய ஓரத்தில் புற்று இருக்கிறதா, நிணநீர்க்கட்டிகளில் இருக்கிறதா. அதை வைத்துத்தான் அடுத்து என்ன என்று சொல்வார்கள்.

பெரும்பாலும் கேப்சிடபின் மாத்திரை, சுமார் 6 மாதம். 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை" என்று நிறுத்துகிறவர்களும் உண்டு, விட வேண்டிய வாரத்திலும் விடாமல் சாப்பிடுகிறவர்களும் உண்டு. காலண்டரில் சாப்பிடும் நாளுக்கு ஒரு நிறம், விடும் நாளுக்கு ஒரு நிறம் போடுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தால், தோல் உரிந்தால், அல்லது வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போன் செய்யுங்கள். அளவைக் குறைத்துத் தருவார்கள். வயல் வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கால் பிரச்சினை சீக்கிரம் வரும். செருப்பு கட்டாயம்.

விப்பிள் ஆனவருக்குச் செரிமான நொதி மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், சாப்பிட்டு அரை மணி கழித்து விழுங்கினால் பயனில்லை. மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் அளவு போதவில்லை என்று பொருள்.

10. அறுவை முடியாது என்றால்

முடியாது என்பதற்கு வைத்தியம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. முதலில் காமாலையை வடிப்பார்கள். பிலிரூபின் இறங்காமல் கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது. பிறகு ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் இரண்டும் சேர்ந்த கீமோ. 21 நாளை ஒரு சுற்று என்று வைத்து, 1-ஆம் நாளும் 8-ஆம் நாளும் ஏற்றுவார்கள். 2010-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க இதுதான் அடிப்படை. அந்த ஆய்வில் ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் சுமார் 8 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்குச் சுமார் 12 மாதம். கசப்பான எண்தான். ஆனால் நிலத்தை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் குடும்பத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சராசரியைத் தாண்டி வாழ்கிறவர்களும் உண்டு, எட்டாதவர்களும் உண்டு.

2022-க்குப் பிறகு இதோடு துர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்க்கிறார்கள். சேர்த்தவர்களில் 2 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர், சேர்க்காதவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். விலை மிக அதிகம். காப்பீட்டில் எது வரும், எதைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று முதல் சுற்றுக்கு முன்பே கேளுங்கள். இரண்டு சுற்று போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிற்பது நோயாளிக்குப் பெரிய மனவேதனை. துர்வாலுமாப் இல்லாமல் கீமோ மட்டும் போட்டால் அது அரைகுறை வைத்தியம் என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மரபணுப் பரிசோதனையை முதலிலேயே கேளுங்கள். முக்கியமாக ஈரலுக்குள் வருகிற வகையில் சிலருக்கு எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.எச்.1 என்ற மாற்றங்கள் இருக்கும், அவற்றைக் குறிவைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. ஹெர்2 என்ற மாற்றத்துக்கும் மருந்து உண்டு. முடிவு வர வாரங்கள் ஆகும் என்பதால், கீமோ கேட்காமல் போன பிறகு அனுப்பினால் நேரம் இருக்காது.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளையணு குறைந்திருக்கும்போது சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும், தொட்டுப் பார்த்துச் சொல்வது போதாது.

11. சாப்பாடும் அரிப்பும்

பத்தியத்தை நிறுத்துங்கள். இதை நான் எந்த ஆச்சியிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன். எடை குறைந்துகொண்டிருக்கிற ஆளுக்கு உப்பில்லாத மோர்ச்சோறு மட்டும் கொடுத்தால் நோய்க்கு முன்னால் பட்டினி ஆளை முடித்துவிடும். எடை போனவருக்கு அறுவையையும் கீமோவையும் தாங்கச் சக்தி இருக்காது. முட்டை, மீன் குழம்பு, பருப்பு, உளுந்தங்களி, இட்லி எல்லாம் கொடுக்கலாம். பித்தம் குடலுக்கு வராத நாட்களில் கொழுப்பு செரிக்காது. அதனால் பொரித்ததையும், தேங்காய்ப்பால் தூக்கலான சொதியையும் கொஞ்ச நாள் குறைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். வாரம் ஒருமுறை எடையைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

வைத்தியத்தின்போது வேர், சூரணம், கஷாயம் எதுவும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். ஈரல்தான் கீமோ மருந்துகளையும் கையாள்கிறது.

அரிப்புக்குச் சாதாரண அலர்ஜி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. கொலஸ்டிரமின் தூள் போன்ற வேறு மருந்துகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். அதை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடித்தால் அவை உடம்பில் சேராது, இடைவெளி விட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெந்நீர் அரிப்பைக் கூட்டும், பச்சைத்தண்ணீரில் குளிக்கட்டும்.

12. நோயாளியிடம் சொல்வதும், வலியைப் பார்ப்பதும்

"அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம், கல்லுன்னே சொல்லி வச்சிருக்கோம்" என்று வாசலிலேயே என்னைப் பிடித்துச் சொல்வார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் கீமோ வார்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எதுவும் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் தெரியாததுபோல அவர் நடிக்க வேண்டியிருக்கிறது, தனியாகப் பயப்பட வேண்டியிருக்கிறது. பத்திரம் எழுதுவது, மகள் கல்யாணம், யாரிடம் என்ன கடன் என்று அவர் பேச வேண்டியதும் பேசாமலே போகிறது. அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம். டாக்டரையே சொல்லச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காரலாம்.

வலித்தணிப்புச் சிகிச்சையைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைக்காதீர்கள். கீமோ தொடங்கும்போதே அதையும் தொடங்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மார்பின் மாத்திரை என்றதும் பயப்படுகிறார்கள், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று. புற்று வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி ஆவது மிக அபூர்வம். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, சொன்ன நேரத்துக்குக் கடிகாரம் பார்த்துக் கொடுத்தால் குறைந்த அளவே போதும். மார்பினோடு மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மலம் இறுகி அவதிப்பட்டு, மருந்தே வேண்டாம் என்று நோயாளி ஒதுக்கிவிடுவது பெரும்பாலும் அது இல்லாததால்தான்.